கைமாறும் பாடநூல் கற்றுத்தரும் பாடம்



என் பள்ளியில் சில ஆண்டுகளாகப் பாடநூல் பொறுப்பாசிரியராகப் பணியாற்றி வருகிறேன். கல்வியாண்டின் தொடக்கத்தில் நூல்களை மாணவர்களுக்கு வழங்குவதும், இறுதியில் அவற்றை எண்ணித் திரும்பப் பெறுவதும் இந்தப் பொறுப்பின் முதன்மையான வேலைகள். நூல் வழங்கும் நாளில் ஆண்டுதோறும் தவறாமல் நிகழும் காட்சி ஒன்று உண்டு. யாரேனும் ஒரு தாயார் பாடநூல் அறையின் வாசலில் வந்து நிற்பார். அவர் கையில் பிள்ளைக்குக் கிடைத்த நூல் இருக்கும்.

"டீச்சர், பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைக்குப் புதுப் புத்தகம். என் மகளுக்கு மட்டும் பழசு கொடுத்திருக்கீங்களே... வேணும்னா காசு கட்டிடுறேன், புதுசா ஒன்னு கொடுங்க டீச்சர்."

நூலை வாங்கிப் புரட்டிப் பார்ப்பேன். ஒரு பக்கமும் கிழிந்திருக்காது. எழுத்து எதுவும் மறைந்திருக்காது. முன் அட்டையின் உட்புறத்தில், பெறுநரின் பெயரை எழுதுவதற்கென அச்சிட்ட கட்டத்தில், சென்ற ஆண்டு அந்நூலைப் பயன்படுத்திய மாணவரின் பெயர் இருக்கும். அவ்வளவுதான் அந்நூலின் குறை!

அந்தத் தாயாரை நான் குறைகூற மாட்டேன். தம் பிள்ளைக்கு நல்லதைத் தரவேண்டும் என்று நினைப்பது பெற்றோரின் இயல்பு. ஆயினும், இந்தச் சிறிய மனக்குறைக்கும், 2020ஆம் ஆண்டு முதல் உலகமே பேசிவரும் ஒரு பெரிய சிக்கலுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாக நான் கருதுகிறேன். அந்தச் சிக்கலின் பெயர் விநியோகச் சங்கிலி.

நோய்த்தொற்று, போர், ஏற்றுமதித் தடை, அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை என ஏதேனும் ஒன்று வந்து பொருள் வரும் வழி அடைபடும்போது, நம் கைகளுக்குள்ளேயே சுற்றி வரும் பொருளே நம்மைத் தாங்குகிறது. ஆனால் அந்தச் சுழற்சியை நெருக்கடி வந்த பிறகு புதிதாக உண்டாக்க இயலாது. சாதாரண நாளில் அதைப் பழகி, பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும். இதுவே நான் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து.

சங்கிலி அறுந்த நாள்கள்

முதலில் நாம் நேரில் கண்டவற்றை நினைவுகூர்வோம். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அதே வாரத்தில் கேமரன் மலையில் விவசாயிகள் தாங்கள் பாடுபட்டு விளைவித்த காய்கறிகளைக் கொட்டி அழிக்க நேர்ந்தது. சந்தைகள் இயங்கவில்லை, போக்குவரத்து தடுமாறிற்று. மலையில் காய்கறி இருந்தது. நகரத்தில் அதை உண்ண மக்கள் இருந்தனர். இடையில் வழிதான் இல்லை. விளைச்சல் குறைந்து வரும் பஞ்சத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். விளைச்சல் மிகுந்திருந்தும் அது குப்பையாகும் கொடுமையை நம் தலைமுறை கண்டது.

அடுத்தது 2022. அந்த ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அதுவரை மாதந்தோறும் 36 இலட்சம் கோழிகள் வரை வெளிநாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தன. சிங்கப்பூர் வாங்கிய கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்தே போயிற்று. தடை வந்ததும் ஜொகூர் பாலத்தின் இருபுறமும் கோழியே பேச்சாயிற்று. இதற்குக் காரணம் என்ன? நம் நாட்டுக் கோழிப்பண்ணைகளுக்கு வேண்டிய மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கடல் கடந்து வருபவை. உக்ரேன் போரால் தானிய விலை ஏறியபோது தீவனத்தின் விலையும் ஏறிற்று. கோழி நம் ஊர்க் கோழிதான். ஆனால் அதன் இரைப்பை உலகச் சந்தையோடு கட்டப்பட்டிருந்தது!

மூன்றாவது நிகழ்ச்சி ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. 2022 மார்ச் மாதம் இலங்கையின் மேல் மாகாணத்தில் தரம் 9, 10, 11 மாணவர்களுக்கான தவணைத் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் படித்திருந்தார்கள். வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை! காகிதத்தையும் மையையும் இறக்குமதி செய்யும் அளவுக்கு நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. அதே மாதத்தில் அங்கே நாளிதழ்கள் சில தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. பொருளாதார நெருக்கடி என்பது வங்கிகளுக்கும் அமைச்சுகளுக்கும் உரியது என்று எண்ணியிருந்தேன். அது ஒரு பள்ளித் தேர்வுத் தாளின் வடிவில் வகுப்பறைக்குள் நுழையும் என்பதை அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் உணர்ந்தேன்.

நேர்கோடும் வட்டமும்

இந்த மூன்று நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. பொருள் ஒரு முனையில் தோன்றுகிறது; நெடுந்தூரம் பயணம் செய்கிறது; ஒருமுறை பயன்படுகிறது; மறுமுனையில் குப்பையாகிறது. இது நேர்கோடு. கோட்டில் எந்தப் புள்ளி அறுந்தாலும் அதற்குப் பின்னுள்ள எல்லாரும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

மற்றோர் அமைப்பும் உண்டு. பயன்படுத்திய பொருள் திரும்பி வருகிறது, சீராக்கப்படுகிறது, அடுத்தவர் கைக்குப் போகிறது. இது வட்டம். புதிய பொருள் வரும் வாசல் சில காலம் மூடப்பட்டாலும் வட்டத்துக்குள் இருக்கும் பொருள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுச்சூழல் அறிஞர்கள் இதனைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். பெரிய சொல்லாகத் தோன்றும். ஆனால் மலேசியப் பள்ளிகளில் இது 1975ஆம் ஆண்டு முதலே நடைமுறையில் இருக்கிறது. பாடநூல் கடனுதவித் திட்டமே அது.

நூல்கள் அரசாங்கச் செலவில் வாங்கப்படுகின்றன. மாணவர் ஓராண்டு பயன்படுத்துகிறார். எழுதாமல், கிழிக்காமல், நெகிழி உறையிட்டுப் பாதுகாத்து, ஆண்டின் இறுதியில் ஒப்படைக்கிறார். தொலைத்தால் ஈடு செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு அதே நூல் அடுத்த மாணவருக்குப் போகிறது. நடவடிக்கை நூல்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றில் மாணவர் எழுதுவதால் அவை திரும்புவதில்லை. ஒரே பையில், ஒரே பாடத்துக்கு, நேர்கோட்டு நூல் ஒன்றும் வட்ட நூல் ஒன்றும் அருகருகே இருக்கின்றன! சுழற்சிப் பொருளாதாரத்தை மாணவர்களுக்கு விளக்க இதைவிடச் சிறந்த பயிற்றுத் துணைப்பொருள் வேறென்ன வேண்டும்?

தமிழ்ப்பள்ளிகளுக்கு இந்த வட்டம் இன்னும் முக்கியமானது. நாடு முழுவதும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் சுமார் 80,000 மாணவர்கள் பயில்கின்றனர். ஆறு ஆண்டு வகுப்புகளுக்கும் பகிர்ந்து பார்த்தால் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 மாணவர்கள். அதாவது, தமிழில் எழுதப்பட்ட நான்காம் ஆண்டுக் கணித நூல் நாடு முழுவதற்கும் தேவைப்படுவது அவ்வளவுதான். அச்சுத் தொழிலின் அளவுகோலில் இது சிறிய எண்ணிக்கை. காகித விலை ஏறினாலும், அச்சகத்தில் வேலை நெருக்கினாலும், சிறிய எண்ணிக்கையில் அச்சாகும் நூல் பின்வரிசைக்குத் தள்ளப்படும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆதலால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு படியும் நமக்குச் சேமிப்பு.

2021 ஜனவரி கற்பித்தது

இது வெறும் கணக்கன்று என்பதை 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் கண்ணால் கண்டேன்.

சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் 2017இல் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2022இல் ஆறாம் ஆண்டை எட்டியது. எனவே 2021இல் ஐந்தாம் ஆண்டு நூல்கள் யாவும் புத்தம் புதியவை. அவற்றுக்குப் பழைய படி என்று ஒன்றும் கிடையாது. ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளின் நூல்களோ ஏற்கெனவே கைமாறத் தொடங்கியவை.

அந்த ஆண்டின் பள்ளித் தவணை ஜனவரி 20ஆம் நாள் தொடங்கிற்று. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் பல மாநிலங்களில் நடமாட்டக் கட்டுப்பாடு மீண்டும் வந்திருந்தது. மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்க வேண்டிய நிலை. எங்கள் பள்ளிக்கு வரவேண்டிய ஐந்தாம் ஆண்டு நூல்களில் ஒரு பகுதி உரிய நாளில் வந்து சேரவில்லை. அந்த மாணவர்களுக்கு முதல் வாரங்களில் கைப்பேசித் திரையே பாடநூலாயிற்று. வீட்டில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட குடும்பங்களில் அதுவும் இல்லை.

மற்ற வகுப்புகளின் நூல்கள் உடனே கிடைத்தனவா? அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. 2020 நவம்பர் 9ஆம் நாள் நாட்டின் பள்ளிகள் திடீரென மீண்டும் மூடப்பட்டபோது, நூல்கள் யாவும் மாணவர்களின் வீடுகளிலேயே தங்கிவிட்டன. நூல் அலமாரி வெறுமையாக நின்றது. திரும்பி வராத நூல் வட்டத்தில் இல்லை. அது நேர்கோட்டின் முடிவில் கிடக்கும் பொருள். வட்டத்தின் மிக மெலிந்த கண்ணி எது என்று அன்றுதான் அறிந்தேன். திரும்பும் வழியே அது.

புலனத்தில் பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பினோம். பள்ளி வாயிலில் மேசை போட்டு, நேரம் பிரித்து, நூல்களைப் பெற்றுக்கொண்டோம். லாரி ஓட்டும் தந்தை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, பெரிய நெகிழிப் பை ஒன்றை மேசைமீது வைத்தார். ஒரு பிள்ளையின் நூல்கள் அவ்வளவு இருக்க முடியாதே என்று பார்த்தேன்.

"நம்ம தாமான்ல உள்ள பிள்ளைங்க புத்தகத்தையும் சேர்த்து வாங்கிட்டு வந்துட்டேன் டீச்சர். எல்லாரும் ஏன் தனித்தனியா வரணும்?"

அவர் சொன்னது இரண்டே வாக்கியம். விநியோகச் சங்கிலி வல்லுநர்கள் பல பக்கங்களில் எழுதும் செய்தி அதில் அடங்கியிருந்தது. திரும்பும் வழியை ஒருங்கிணைத்தால் பயணமும் குறைகிறது; நேரமும் மிஞ்சுகிறது; ஆபத்தும் தணிகிறது. அந்த வாரமே நான்கு வகுப்புகளுக்கும் நூல் வழங்க முடிந்தது.

வட்டம் ஏன் உடைகிறது?

நெருக்கடியின்போது வட்டம் உதவும் என்பது உண்மையானால், 2020இல் நாம் எல்லாரும் அதைக் கைவிட்டது ஏன்?

உணவுக்கடைகளில் நம் சொந்தப் பாத்திரத்தில் உணவு வாங்கத் தயங்கினோம். கடைக்காரரும் தயங்கினார். ஒவ்வொரு வேளை உணவும் நெகிழிப் பெட்டியில் வந்தது. "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் அழைத்தபடி நம் தாமான் வீதிகளில் வலம் வரும் பழைய செய்தித்தாள் லாரி வாரக் கணக்கில் வரவில்லை. பிறர் தொட்ட பொருளில் கிருமி இருக்குமோ என்ற அச்சம் அப்போது இயல்பானதே. பின்னர், 2021 ஏப்ரலில், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று விளக்கியது. அதற்குள் ஓராண்டுக் குப்பை குவிந்துவிட்டது. அறிவு வருவதற்கு முன் அச்சம் வந்துவிடும். அந்த இடைவெளியில் முதலில் உடைவது மறுபயன்பாட்டுப் பழக்கமே.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். வட்டம் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் வட்டம் ஆகா. 2018 ஜனவரி முதல் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளை ஏற்க மறுத்தது. அதுவரை "மறுசுழற்சி" என்று எழுதிய தொட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கிய செல்வ நாடுகளின் கழிவுகள் திசைமாறி மலேசியாவுக்கு வந்தன. கோலலங்காட் வட்டாரத்தில், ஜெஞ்ஜாரோமில், உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. பயன்படுத்த இயலாத நெகிழி எரிக்கப்பட்டது. சுற்றுவட்டாரக் குடும்பங்கள் புகையைச் சுவாசித்தன. 2020 ஜனவரியில் 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக மலேசிய அரசாங்கம் அறிவித்தது. பொருள் யார் கையிலிருந்து புறப்பட்டு யார் கைக்குப் போகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். தெரியாத சுழற்சி, குப்பையைத் தொலைவில் கொட்டும் நேர்கோடுதான்.

பாடநூலின் உள்ளட்டையில் பெயர் எழுதும் கட்டம் இருக்கிறதே, அதன் பெருமையை இப்போது பாருங்கள். யாரிடமிருந்து வந்தது என்று பெறுபவருக்குத் தெரிகிறது. தவறு செய்தால் தன் பெயர் அங்கே நிற்கும் என்று கொடுப்பவருக்கும் தெரிகிறது.

அருவருப்பை வென்ற அண்டை நாடு

"பயன்படுத்தியது வேண்டாம்" என்னும் மனத்தடையை ஒரு நாடே கடந்து வந்த கதை நம் அருகிலேயே இருக்கிறது. சிங்கப்பூரின் தண்ணீர்த் தேவையில் ஒரு பகுதியை ஜொகூர் ஆறு நிறைவு செய்கிறது. அதற்கான 1962ஆம் ஆண்டு உடன்படிக்கை 2061இல் முடிவடையும். மழை பொய்த்தால் அந்த ஆறும் கைவிடும். 2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கத்தில் நீரளவு 20 விழுக்காட்டுக்குத் தாழ்ந்தது.

ஆனால் அதற்கு வெகுமுன்பே, 2003இல், சிங்கப்பூர் புதுநீர் ஆலைகளைத் திறந்திருந்தது. பயன்படுத்திய நீரை நுண்வடிகட்டி, சவ்வுகளின் வழி செலுத்தி, புற ஊதாக் கதிரால் தூய்மைப்படுத்தும் முறை அது. தொழில்நுட்பம் மட்டும் போதவில்லை. கழிவுநீரிலிருந்து வந்தது என்ற எண்ணத்தை மக்கள் மனத்திலிருந்து நீக்க வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டுத் தேசிய தினக் கொண்டாட்டத்தில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கும், திரண்டிருந்த சுமார் 60,000 மக்களும் ஒன்றாகப் புதுநீர்ப் புட்டியைத் திறந்து அருந்தினர். பெரும்பகுதிப் புதுநீர் தொழிற்சாலைகளுக்கே போகிறது. வறண்ட காலத்தில் அது நீர்த்தேக்கங்களிலும் கலக்கப்படுகிறது.

இங்கே நான் கவனிப்பது இரண்டு செய்திகள். வறட்சி வந்த பிறகு ஆலை கட்டவில்லை; பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கட்டினார்கள். ஏழைகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கவில்லை. பிரதமரே முதலில் குடித்தார்.

பழையது யாருக்கு?

இந்த இரண்டாவது செய்தியே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பாடநூல் கடனுதவி தொடக்கத்தில் குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டே வழங்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல்தான், வருமானத்தைப் பாராமல், அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் எல்லா மாணவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதற்கு முன், வகுப்பில் இரவல் நூலை எடுப்பவர் யார், கடையில் வாங்கிய நூலை எடுப்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். நூலின் பழமை குடும்பத்தின் வறுமையை அறிவித்துவிடும். அந்தக் கூச்சத்தை அனுபவித்தவர்கள் இன்று பெற்றோர்களாக இருக்கிறார்கள். பாடநூல் அறை வாசலில் நிற்கும் தாயாரின் குரலில் நான் கேட்பது பெருமையை அன்று. அந்தப் பழைய காயத்தை.

ஆகவே, வட்டம் நிலைக்க வேண்டுமானால் அது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். வசதியுள்ளவர்களுக்குப் புதியது, இல்லாதவர்களுக்குப் பழையது என்றால் அதன் பெயர் சுழற்சி அன்று, தானம். தானத்தைப் பெறுபவர் வாய்ப்புக் கிடைத்ததும் அதிலிருந்து விலகவே விரும்புவார். அத்தகைய வட்டம் நெருக்கடிக் காலத்தில் யாரையும் காக்காது.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் எண்ணிப் பார்க்கச் சில பரிந்துரைகளை வைக்கிறேன்.

1. நூல் திரும்பும் வழியை முன்கூட்டியே வகுப்போம். பள்ளி திடீரென மூடப்பட்டால் எந்தத் தாமானில் எந்தப் பெற்றோர் நூல்களைச் சேகரிப்பார் என்று ஒரு பட்டியல் ஆண்டின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். வெள்ளம் வரும் வட்டாரங்களில் இது இன்னும் அவசியம்.

2. பழுதுபார்க்கும் நாள் ஒன்றை ஏற்படுத்துவோம். நூல்களைப் பெற்றதும் அப்படியே அடுக்கிவைக்காமல், தளர்ந்த முதுகை ஒட்டி, கிழிந்த உறையை மாற்றி, அதன் பிறகு அடுக்குவோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதனை மகிழ்ச்சியோடு செய்வார்கள். தன் கையால் ஒட்டிய நூலை எந்த மாணவரும் கிழிக்கமாட்டார்.

3. புதியதையும் பழையதையும் கலந்து வழங்குவோம். ஒவ்வொரு மாணவருக்கும் சில நூல்கள் புதியவை, சில நூல்கள் பழையவை என்று அமைத்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆசிரியரின் பிள்ளைக்கும் அதே முறைதான்.

4. சீருடைப் பரிமாற்றத்தை எல்லாருக்கும் உரியதாக்குவோம். பிள்ளைகள் வளர்கிறார்கள், சட்டை வளர்வதில்லை. துவைத்துத் தேய்த்த சீருடைகளை அளவு வாரியாகத் தொங்கவிட்டு, கொடுத்தால் ஒன்று, எடுத்தால் ஒன்று என்று நடத்தலாம். "ஏழை மாணவர் உதவி" என்ற பலகையை மட்டும் அங்கே வைக்க வேண்டாம்.

5. கருவிகளைச் சாகவிடாமல் வைத்திருப்போம். 2020இல் பிள்ளைகளுக்காகப் பழைய கைப்பேசிகளைத் தேடினோம். பல வீடுகளின் இழுப்பறைகளில் அவை இருந்தன. ஆனால் மின்கலம் உயிரிழந்து, திரை உடைந்து, பயனற்றுக் கிடந்தன. மாற்றிய அன்றே பழுதுபார்த்து யாருக்கேனும் கொடுத்திருந்தால் அவை நெருக்கடி நாளில் வகுப்பறையாகியிருக்கும்.

6. நூலின் முதல் ஆண்டைக் காப்போம். 2027இல் புதிய கலைத்திட்டம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. கலைத்திட்டம் மாறும்போது பழைய வட்டம் முடிந்து புதிய வட்டம் பிறக்கும். முதன்முதலில் பெறும் மாணவர் காட்டும் அக்கறையே அந்நூலின் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிக்கும்.

வட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. அறிவு வளரும்போது நூல் மாறத்தான் வேண்டும். ஒட்டிய நூலும் ஒருநாள் ஓயும். கோழித்தீவனத்தைப் பாடநூலைப் போல் திரும்பப் பெற முடியாது. வட்டம் நமக்குத் தருவது கால அவகாசம். புதிய பொருள் வரும் வாசல் மூடியிருக்கும் வாரங்களில், மாதங்களில், கற்றல் நின்றுவிடாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. 2021இல் எங்கள் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு அந்த அவகாசம்தான்.

இப்போதெல்லாம் பாடநூல் அறை வாசலுக்கு வரும் தாயாரிடம் நான் வாதிடுவதில்லை. நூலின் உள்ளட்டையைத் திறந்து, முந்தைய மாணவரின் பெயரைக் காட்டுகிறேன். "இந்தப் பிள்ளை ஓராண்டு முழுவதும் உங்கள் மகளுக்காக இதைப் பத்திரமாக வைத்திருந்தது. அடுத்த கட்டத்தில் உங்கள் மகளின் பெயரை எழுதப் போகிறேன். அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளை இதைத் திறந்து பார்க்கும்" என்று சொல்கிறேன். சிலர் சிரித்துவிட்டு வாங்கிச் செல்கிறார்கள். சிலர் மனமில்லாமல்தான் வாங்கிச் செல்கிறார்கள். இரு சாராரும் ஆண்டின் இறுதியில் நூலைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதும்.

பெற்றோர்களே, இந்த ஆண்டு உங்கள் பிள்ளையின் நூலை வாங்கியதும் முதலில் உள்ளட்டையைத் திறந்து, அங்கே இருக்கும் பெயரைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். பிறகு நல்ல உறை ஒன்றைப் போடுங்கள். சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
பாடநூல் அறையிலிருந்து ஓர் ஆசிரியை